பெயர் வெளியிட வேண்டாம்
மதுரை கே.கே. நகரிலிருந்து கேள்வி-பதில்

சபை ஊழியத்திலும் கிறிஸ்தவ நிறுவனங்களின் தலைமையிலும் இருப்பவர்கள் மனநலம் பற்றி மனம் விட்டுக் கேட்கலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். கடிதங்கள் வந்து குவிந்தன. தலைப்பைக் கவனிக்காத ஒருவர் மூலநோய்க்கு வழி கேட்டிருந்தார்; பெயர், முகவரி, கைபேசி எண் மூன்றும் தெளிவாக இருந்தன. தூக்கம் வரவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்று எழுதிய மற்ற எல்லாரும் கடைசியில் ஒரே வரியைச் சேர்த்திருந்தார்கள்: 'பெயர் வெளியிட வேண்டாம்.' மூலத்துக்கு இல்லாத வெட்கம் மனசுக்கு! சரி, வெளியிடவில்லை. பொறுப்பையும் ஊரையும் மட்டும் போட்டிருக்கிறேன்.

● மனச்சோர்வு வருவது விசுவாசக் குறைவால்தானே?
(சபை மூப்பர், கோ. புதூர்)

அப்படியானால் முதலில் எலியாவைச் சபைநீக்கம் செய்ய வேண்டும். கர்மேல் மலையில் வானத்து நெருப்பை இறக்கிக் காட்டியவர், அடுத்த அதிகாரத்திலேயே வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, செத்தால் தேவலை என்கிறார். அங்கே வந்த தூதன் பிரசங்கம் எதுவும் வைக்கவில்லை. தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். தூதன் அதற்கும் கோபிக்கவில்லை. இரண்டாம் தடவை எழுப்பி மறுபடி சாப்பிடச் சொன்னான். அடை, தூக்கம், மறுபடி அடை. பேச்சு அதற்கப்புறம். உங்கள் சபையில் யாராவது சோர்ந்துபோனால் இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

● எங்கள் சபை ஐயர் ராத்திரி இரண்டு மணிக்குப் போன் செய்தாலும் எடுப்பார். அவருக்குப் போய் என்ன மனக்குறை?
(சபை அங்கத்தினர், மேலமடை)

எடுக்கிறாரே, அதுதான். தூங்கா நகரம் என்ற பட்டம் ஊருக்குக் கொடுத்தது. ஐயருக்கு அல்ல.

● ஞாயிறு ஒரு நாள்தான் வேலை. அதற்கு வாரம் ஒரு நாள் ஓய்வு கேட்கிறார் எங்கள் போதகர். நியாயமா?
(சேகரக் கமிட்டி உறுப்பினர், மேலூர்)

பந்தல்காரருக்குக் கல்யாணத்தன்று மட்டும்தான் வேலை என்று சொல்வீர்களா? உங்கள் போதகரின் நாட்குறிப்பை ஒரு வாரம் வாங்கிப் பாருங்கள். ஆஸ்பத்திரியில் கிடக்கும் உங்கள் பெரியம்மாவைப் பார்த்தது, அண்ணன் தம்பி பாகப்பிரிவினைச் சண்டையை விலக்கியது, வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், சனிக்கிழமை கல்யாணம் எல்லாம் அதில் இருக்கும். டிசம்பர் வந்தால் கேரல் ரவுண்ட்ஸில் விடியும்வரை வீடு வீடாகக் கேக்.

நேரத்தைவிடக் கடினமானது ஒன்று உண்டு. காலையில் ஒரு குழந்தையின் அடக்க ஆராதனை. மாலையில் கல்யாண வரவேற்பு. ஒரு முகத்தைக் கழற்றி இன்னொன்றை மாட்ட அவருக்குக் கிடைப்பது ஒரு டீ குடிக்கும் நேரம். காலையில் அடக்கிய அழுகையை எங்கே வைப்பது என்று யாரும் அவருக்கு இடம் காட்டவில்லை.

பத்துக் கட்டளையில் நாலாவது ஓய்வுநாள். எட்டாவதை மீறிக் களவு செய்தால் போலீஸில் புகார் கொடுக்கிறோம். நாலாவதை மீறி ஓய்வில்லாமல் உழைத்தால் 'உத்தம ஊழியர்' என்று சால்வை போர்த்துகிறோம்!

● ஊழியருக்குக் கோபம் வரலாமா?
(உதவிப் போதகர், வண்டியூர்)

வரலாம். மைக் ஆனில் இருக்கும்போது வேண்டாம்.

● என் கணவர் போதகர். ஊருக்கெல்லாம் ஆறுதல் சொல்கிறார். வீட்டுக்கு வந்தால் பேச்சே கிடையாது. நான் அழுதால் 'ஐயரம்மாவே இப்படி இருந்தால் எப்படி' என்கிறார்கள். நான் யாரிடம் போவது?
(போதகரின் மனைவி, திருமங்கலம்)

அம்மா, உங்களுக்கு முன்னால் ஒருவர் இருந்தார். மிஷனரி வில்லியம் கேரி 1793இல் வங்காளத்துக்கு வந்தபோது கூட வந்தவர் அவர் மனைவி டாரதி. வருவதற்கே அவருக்கு விருப்பம் இருக்கவில்லை. அடுத்த ஆண்டே ஐந்து வயது மகன் பீட்டர் இறந்துபோனான். அதற்குப்பின் டாரதியின் மனம் தேறவே இல்லை. 1807இல் சேராம்பூரில் காலமானார். கேரியின் மொழிபெயர்ப்புகளைப் பற்றி ஞாயிறு பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லும். டாரதியின் பெயர் எத்தனை பெரியவர்களுக்குத் தெரியும்?

நம் சபைகளில் ஐயரம்மா என்பது சம்பளமில்லாத, விண்ணப்பிக்காத உத்தியோகம். பெண்கள் ஐக்கிய சங்கம், ஞாயிறு பள்ளி, வருகிறவர்களுக்கெல்லாம் காபி. மாற்றல் உத்தரவு வந்தால் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் உட்பட எல்லாவற்றையும் மூட்டை கட்டுவது. நீங்கள் அழுவதில் குறை ஒன்றும் இல்லை. கணவரை ஆலோசகராக்க முயல வேண்டாம். அவர் கணவராக இருந்தால் போதும். சபைக்குச் சம்பந்தமில்லாத ஒரு தோழி, சபைக்குச் சம்பந்தமில்லாத ஒரு மருத்துவர், இரண்டும் உங்களுக்கு வேண்டும். இந்தப் பக்கத்தைச் சாப்பாட்டு மேசையில் திறந்து வைத்துவிடுங்கள். ஐயர் படிப்பார்.

● எங்கள் நிறுவனத்தில் தினமும் எட்டரை மணிக்கு ஜெபத்தோடுதான் வேலை தொடங்குகிறது. ஆனாலும் ஊழியர்கள் ஒவ்வொருவராக ராஜினாமா செய்கிறார்கள். எது குறைகிறது?
(நிறுவன இயக்குநர், பசுமலை)

ஜெபம் எட்டரைக்கு. வீட்டுக்குப் போவது எத்தனை மணிக்கு? சம்பளம் எந்தத் தேதியில்?

'பர்ன் அவுட்' என்று இப்போது எல்லாரும் சொல்கிறார்களே, அதை 2019இல் உலக சுகாதார நிறுவனம் விளக்கியபோது நோய் என்று சொல்லவில்லை. வேலையிடத்தின் நாள்பட்ட அழுத்தத்தைச் சரியாகக் கையாளாததன் விளைவு என்றது. அதாவது, கோளாறு ஆளிடம் மட்டும் இல்லை; ஆள் உட்காரும் நாற்காலியிலும் இருக்கிறது. நாற்காலி ஆடினால் நாற்காலியைச் சரிசெய்ய வேண்டும். உட்கார்ந்தவரை மட்டும் தியான முகாமுக்கு அனுப்பித் திரும்பக் கூட்டிவந்து அதே நாற்காலியில் உட்காரவைத்தால் என்ன ஆகும்?

செய்ய வேண்டியவை சாதாரணமானவை. யாருக்கு என்ன வேலை என்று எழுத்தில் கொடுங்கள். ராத்திரி ஒன்பதுக்குமேல் வாட்ஸ்அப் உத்தரவு போடாதீர்கள். விடுப்பு கேட்டவரிடம் 'ஊழியத்தில் விடுப்பா?' என்று கேட்காதீர்கள். மாற்றலுக்கு முன் குடும்பத்தைக் கேளுங்கள். குறை கேட்க, உங்களுக்குக் கீழே இல்லாத ஒருவரை நியமியுங்கள். 'இது வேலை அல்ல, அழைப்பு' என்ற வாக்கியத்தைச் சம்பளப் பேச்சு வரும்போது மட்டும் எடுக்கிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

● குழுக் காப்பீடு எடுக்கும்போது மனநோய்க்கும் சேர்த்துக் கேட்கலாமா?
(கணக்கர், திருமங்கலம்)

கேளுங்கள். உரிமை அது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் 21ஆம் பிரிவு, உடல் நோய்க்கு எந்த அடிப்படையில் காப்பீடோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு கொடுக்கச் சொல்கிறது. சட்டமே சமமாக்கிவிட்டது. சபைதான் இன்னும் யோசிக்கிறது.

● மேடையில் ஏறினால் நெருப்பாகப் பேசுகிறேன். கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறேன். நான் வேஷதாரியா?
(சுவிசேஷகர், உசிலம்பட்டி)

வேஷதாரி வீட்டிலும் நடிப்பார். உங்களுக்கு அது வரவில்லை.

அமெரிக்கன் மதுரை மிஷன் இங்கே வேலை தொடங்கிய அதே 1834இல் இங்கிலாந்தில் பிறந்தவர் சார்லஸ் ஸ்பர்ஜன். பிரசங்கிகளின் இளவரசர் என்று பெயர். 1856 அக்டோபர் 19 அன்று லண்டனில் ஒரு பெரிய இசை மண்டபத்தில் அவர் பேசிக்கொண்டிருந்தபோது யாரோ பொய்யாக 'தீ, தீ' என்று கத்த, நெரிசலில் ஏழு பேர் இறந்தார்கள். அப்போது ஸ்பர்ஜனுக்கு வயது 22. அந்த அதிர்ச்சியும் மனச்சோர்வும் வாழ்நாள் முழுக்க அவரை விட்டு விட்டுப் பிடித்தன. அவர் மறைக்கவில்லை. போதக மாணவர்களுக்கு நடத்திய பாடங்களில், ஊழியருக்கு வரும் மனத்தளர்ச்சிக்கென்றே தனியாக ஓர் உரை வைத்தார். கூட்டத்துக்கு மறுநாளை வெறுமையாக விடுங்கள். அப்படியும் இரண்டு வாரத்துக்கு மேல் அழுகை நிற்கவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள்.

● மனசில் உள்ளதை யாரிடமாவது கொட்டலாம் என்றால், மறுநாள் அது ஜெபக் குறிப்பாக வாட்ஸ்அப் குழுவில் வந்துவிடுகிறது. என்ன செய்வது?
(பள்ளித் தாளாளர், கே.கே. நகர்)

நீங்கள் நடைப்பயிற்சிக்கு வண்டியூர்க் கண்மாய்க் கரைக்கு வருகிறவர்தானே? கண்மாய் கட்டிய நம் பாட்டன்மார் கரையை மட்டும் கட்டிவிட்டுப் போகவில்லை. மடை வைத்தார்கள், தேவைக்குத் திறக்க. கலுங்கு வைத்தார்கள், மிஞ்சியது தானாக வழிய. கலுங்கு இல்லாத கண்மாய்க்குப் பலமான கரை கட்டினால் அது உடையும்போது ஊரையே கொண்டுபோகும். 'எங்கள் தலைவர் எதையும் தாங்குவார்' என்று ஊர் சொல்வதெல்லாம் கரையின் பெருமைதான். கலுங்கு எங்கே என்று கேட்பார் இல்லை.

ஆனால் கலுங்குத் தண்ணீருக்கு ஒரு வாய்க்கால் வேண்டும். தெருவில் விட முடியாது. வாட்ஸ்அப் குழு தெரு. மனநல ஆலோசகர் வாய்க்கால். சிகிச்சை பெறுகிறவர் பற்றிய விவரத்தை வெளியே சொல்லக்கூடாது என்று மருத்துவரைச் சட்டம் கட்டுகிறது. ஜெபக் குழு அட்மினை எந்தச் சட்டமும் கட்டவில்லை.

● கே.கே. நகரிலேயே மனநல மருத்துவமனை இருக்கிறது. வாசலில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால்?
(போதகர், அண்ணா நகர்)

'நீங்கள் எங்கே இந்தப் பக்கம்?' என்று நீங்கள் முந்திக்கொள்ளுங்கள்.

சிரிப்பு இருக்கட்டும். மனநல மருத்துவர் சி. ராமசுப்பிரமணியன் 1992இல் தொடங்கிய எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை நம் கே.கே. நகரில்தான் இருக்கிறது. கூட்டம் பிடிக்காது என்றால் தனி மருத்துவர்கள் இருக்கிறார்கள். காசு பிடிக்காது என்றால் அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. கண்ணுக்கு அரவிந்த் மருத்துவமனைக்கு வருகிறவரைப் பார்த்து 'ஐயோ, விசுவாசம் மங்கிவிட்டதா?' என்று யாரும் கேட்பதில்லையே.

● மாத்திரையா, ஜெபமா? ஒன்றைச் சொல்லுங்கள்.
(ஜெபக் குழுத் தலைவர், இராமநாதபுரம்)

உங்கள் மாவட்டத்திலிருந்து இந்தக் கேள்வி வந்ததால் சுருக்கமாகச் சொல்ல மனம் வரவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, தர்கா ஊரான ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். நாடே அதிர்ந்தது. அது அந்த ஊர்க் கதை, அந்த மதத்துக் கதை என்று நாம் தள்ளிவிட முடியாது. 'பிசாசு பிடித்திருக்கிறது, மாத்திரையை நிறுத்து' என்று சொல்கிற நாக்கும் ஒரு சங்கிலிதான். அது எல்லா மதத்திலும் இருக்கிறது.

பிற்பாடு ஏர்வாடி தர்காவிலேயே தொழுகையும் மருந்தும் ஒரே இடத்தில் கிடைக்க ஏற்பாடு நடந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1957இலேயே பாகாயத்தில் மனநல மையம் தொடங்கி, நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்கவைத்தது. நம் வீட்டிலேயே இப்படி ஒரு முன்மாதிரி இருக்கும்போது 'அல்லது' எதற்கு? 'உம்' போடுங்கள்: மாத்திரையும் ஜெபமும். சுவிசேஷம் எழுதிய நால்வரில் லூக்காவை வைத்தியர் என்றுதான் பவுல் அழைக்கிறார். அவரை யாரும் வெளியே அனுப்பவில்லை.

● முப்பது வருட துறவு வாழ்க்கை. இப்போது ஜெபத்தில் உட்கார்ந்தால் வெறும் இருட்டு. யாரிடமும் சொன்னதில்லை.
(அருட்சகோதரி, திண்டுக்கல்)

சிஸ்டர், அன்னை தெரேசா 1997இல் மறைந்தார். பத்தாண்டு கழித்து அவருடைய அந்தரங்கக் கடிதங்கள் நூலாக வந்தபோது உலகம் திகைத்தது: அத்தனை ஆண்டு சிரித்த முகத்துக்குள் நீண்ட இருட்டு. அவர் அதை ஆன்மகுருக்களிடம் எழுதிக்கொண்டேதான் இருந்தார் என்பதைக் கவனியுங்கள். இருட்டு குற்றமல்ல. தனியாகக் கிடப்பதுதான் ஆபத்து.

ஒரு சோதனை: ஜெபம் மட்டும் வறண்டிருக்கிறதா? தோட்டம், பாட்டு, பிள்ளைகளின் சிரிப்பு எல்லாம் வறண்டிருக்கிறதா? ஜெபம் மட்டும் என்றால் ஆன்மகுருவிடம் போங்கள். எல்லாமே, கூடவே தூக்கமும் பசியும் போய்விட்டது என்றால் மருத்துவரிடமும் போங்கள்.

● நான் ஒரு நாள் இல்லாவிட்டால் எங்கள் நிறுவனம் ஓடாது. எப்படி ஓய்வெடுப்பது?
(தொண்டு நிறுவனத் தலைவர், சோழவந்தான்)

மோசேயும் இப்படித்தான் காலையிலிருந்து சாயங்காலம்வரை தனியாக உட்கார்ந்து வழக்குத் தீர்த்தார். ஊருக்கு வந்த மாமனார் எத்திரோ ஒரு நாள் பார்த்தார். 'நீர் செய்வது நல்லதல்ல, நீரும் தொய்ந்துபோவீர், ஜனங்களும் தொய்ந்துபோவார்கள்' என்ற பொருளில் நேரே சொல்லிவிட்டார். ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்கு என்று தலைவர்களை வைக்கச் சொன்னார். உலகத்தின் முதல் நிர்வாக ஆலோசகர் ஒரு மாமனார், கட்டணம் வாங்கவில்லை.

நீங்கள் இல்லாமல் ஓடாத நிறுவனத்தை உருவாக்கியது யார்? நீங்கள்தானே. அடுத்த மாதம் ஒரு வாரம் மாமனார் வீட்டுக்குப் போய்வாருங்கள். ஒருவேளை அவரும் ஏதாவது சொல்வார்.

● உடம்பு விழுந்துவிட்டால் மரியாதையும் போய்விடும் என்று பயமாக இருக்கிறது.
(விடுதிக் காப்பாளர், நாகமலை புதுக்கோட்டை)

தோனாவூரில் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய ஏமி கார்மைக்கேல் 1931இல் ஒரு குழியில் தவறி விழுந்தார். அதன்பின் 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் அறையோடுதான் வாழ்க்கை. அந்த அறையிலிருந்து புத்தகங்கள் வந்தன, பிள்ளைகளை மற்றவர்கள் வளர்த்தார்கள், தோனாவூர் நின்றது. படுத்த தலைவரைத் தாங்க முடியாத நிறுவனம், நின்ற தலைவரையும் தாங்கியிருக்காது. அவர்தான் அதைத் தாங்கியிருப்பார்.

● எங்கள் இயக்குநர் எல்லாரையும் திட்டி அழவைப்பார். பிறகு 'எனக்கு எவ்வளவு அழுத்தம் தெரியுமா' என்று அவரும் அழுவார். மன்னிப்பதா?
(அலுவலகப் பணியாளர், ஒத்தக்கடை)

மன்னிப்பது உங்கள் விருப்பம். நிறுத்தவைப்பது நிர்வாகக் குழுவின் கடமை. மன அழுத்தம் திட்டுவதற்குக் காரணமாகலாம், உரிமமாகாது. தாவீது அழுததை எல்லாரும் சொல்கிறோம். அதற்குமுன் நாத்தான் எதிரே நின்று 'அந்த மனிதன் நீரே' என்ற பொருளில் சொன்னதால்தான் அந்த அழுகை வந்தது. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு நாத்தான் தேவை. நாத்தானின் சம்பளப் பட்டியலில் தாவீது கையெழுத்துப் போடக்கூடாது, அவ்வளவுதான்.

● இறையியல் கல்லூரியில் பிறருக்கு ஆலோசனை சொல்லக் கற்றுத்தருகிறார்கள். எனக்கு ஆலோசனை வேண்டும் என்றால்?
(மாணவர், அரசரடி)

உங்கள் ஊரிலேயே பதில் இருக்கிறது தம்பி. 1969இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர் தியோஃபிலஸ் அப்பாவு (1940–2005). 'பரட்டை' என்றால் இன்னும் பலருக்குத் தெரியும். கிராமத்து மெட்டில் வழிபாட்டுப் பாடல்கள் அமைத்த அவருடைய இறையியலின் நடுவில் இருந்தது ஒரு சமையல் பானை: எல்லாரும் ஒரே உலையில் பொங்கி ஒன்றாகச் சாப்பிடும் குடும்பம். பந்தியில் ஆலோசகர், நோயாளி என்று தனி இலை கிடையாது. படிக்கும்போதே மூன்று நண்பர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பட்டம் வாங்கி ஆளுக்கொரு சேகரத்துக்குப் போனபின்பும் மாதம் ஒருமுறை ஒன்றாகச் சாப்பிடுங்கள். அங்கே பிரசங்கக் குறிப்பு எடுக்கக்கூடாது என்பது ஒன்றே விதி.

● நாட்குறிப்பு எழுதினால் மனசுக்கு நல்லதா?
(ஓய்வுபெற்ற ஆசிரியை, தல்லாகுளம்)

நல்லது. தென்னிந்தியத் திருச்சபை பிறந்த 1947இல், தம் 37ஆம் வயதில் மதுரை-இராமநாதபுரம் பேராயரானவர் லெஸ்லி நியூபிகின். இங்கே அலைந்த நாட்களை அவர் எழுதியது 1951இல் ஒரு புத்தகமாகவே வந்தது. நீங்கள் அச்சுக்காக எழுத வேண்டாம். காணிக்கைக் கணக்கு மாதிரியும் எழுத வேண்டாம். அதில் வரவும் செலவும் எப்போதும் சரியாக இருக்கும்.

● இருந்தது போதும் என்று சில ராத்திரிகளில் தோன்றுகிறது. காலையில் ஆராதனை நடத்துகிறேன்.
(ஊர் பெயரும் வேண்டாம்)

இந்தக் கடிதத்துக்குக் கிண்டல் கிடையாது. இந்த எண்ணம் வருவது நோயின் வேலை. உங்கள் குணத்தின் தீர்ப்பல்ல. இதற்குச் சிகிச்சை உண்டு. இன்று ராத்திரி தனியாக இருக்க வேண்டாம்; வீட்டில் ஒருவரை எழுப்பி, எழுதியதை அப்படியே வாயால் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். கட்டணமில்லை, தமிழில் பேசுவார்கள். சென்னையில் 1986 முதல் இதற்கென்றே இயங்கும் சிநேகா அமைப்பின் எண் 044-24640050. நாளைக் காலை மருத்துவர். ஞாயிறு ஆராதனையை வேறொருவர் நடத்தட்டும். நீங்கள் கடைசி பெஞ்சில் உட்காருங்கள், அல்லது படுத்துத் தூங்குங்கள். சட்டத்துக்குப் பயப்படுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: உயிரை மாய்க்க முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் கருதுகிறது, அவருக்குப் பராமரிப்பு கொடுப்பது அரசின் கடமை என்கிறது. கடவுள் அரசாங்கத்தைவிடக் குறைவாக இரங்குவார் என்று நினைக்காதீர்கள்.

● சோர்ந்துபோன எங்கள் போதகருக்காகக் குழுவில் எல்லாரும் கைகூப்பிய படம் அனுப்பினோம். வேறென்ன செய்யலாம்?
(சபை அங்கத்தினர், கே.கே. நகர்)

தூக்குச் சட்டியில் குழம்பு. மேலே சொன்ன அடையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

● அடுத்த தடவை பெயர் போட்டு எழுதலாம் என்று இருக்கிறேன். வெளியிடுவீர்களா?
(போதகர், கே.கே. நகர்)

என் பக்கத்துக்கு உங்கள் பெயர் தேவையில்லை ஐயா. அந்தத் துணிச்சலை வீணாக்காமல் நாலு தெரு தள்ளிக் கொண்டுபோங்கள். அங்கே ஓ.பி. சீட்டில் முதல் வரியே பெயர்தான். இனிஷியலோடு சொல்லுங்கள்.